ரெண்டு கடி

"அந்த ஸ்லீவைக் கிழிங்க" என்றாள் ரூபா.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கம்மல் கேட்டால் அடுத்த சீசன் என்று பதில் வரும். படிக்க வேண்டும் என்று கேட்டபோது அடி விழுந்தது, ஆனாலும் படிக்க விட்டார்கள். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று நைனா அவளிடம் பல தடவை சொல்லியிருந்தார். நம் கடையில் கேபிள் முனைக்கு மாட்டின பிளாஸ்டிக் ஸ்லீவை வெளி ஆள் முன்னால் பிரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது நம்மோடு போகட்டும்.

இப்போது வெளி ஆள் வீட்டு வாசலில், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேதாச்சலம். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். எரிந்துபோன மினி லாரி அவருடையது. அவருக்கு எதிரே நைனா முனிகிருஷ்ணன் தோளில் இருந்த துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். சுவரோரம் தரையில் அண்ணி பத்மாவதி. அவளை ஒட்டி அவளைப் பெற்ற சென்னம்மா, ராமகுப்பத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவள். சென்னம்மாவின் உள்ளங்கையில் யாரோ வைத்த திருப்பதி லட்டு ஒன்று தின்னப்படாமல் இருந்தது.

எல்லாருக்கும் நடுவில் வெங்காயக் கோணியின் மேல் அந்தக் கேபிள் கிடந்தது. எரிந்த வண்டியிலிருந்து வேதாச்சலமே கழற்றி எடுத்து வந்து போட்டது. கட்டைவிரல் தடிமன். பேட்டரியில் மாட்டியிருந்த முனை உருகிக் கரிமுடிச்சாகிவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்து முனையில் பச்சை ஸ்லீவ் அப்படியே இருந்தது. பச்சை என்றால் முனிகிருஷ்ணன் கடை. சித்தூர் ரோட்டில் ஓடுகிற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

அண்ணன் பிரபாகர் தூணிலிருந்து முதுகை எடுத்தான். மொட்டைத் தலையில் சந்தனம் திட்டுத் திட்டாக இருந்தது. நடந்து வந்து புறங்கையால் ஒன்று விட்டான். ரூபாவின் கீழுதடு பல்லில் கிழிந்தது.

"உள்ள போடி."

அவள் ரத்தத்தைத் துப்பினாள். "கிழிச்சிட்டுப் போறேன்."

அவன் அவள் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். "பெரிய மனுசன் முன்னாடி இன்னாடா இது" என்றார் நைனா. அடிக்காதே என்று சொல்லவில்லை. பெரிய மனிதன் முன்னால் வேண்டாம் என்றுதான் சொன்னார். அம்மா தனபாக்கியம் வந்து, மகன் கையிலிருந்து மகளை ஒரு சாமான் போல வாங்கி, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே வேதாச்சலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னாமோ சொல்ல வந்தியேம்மா, சொல்லு" என்று பத்மாவதியிடம் கேட்டது கதவு வழியாகக் கேட்டது.

பத்மாவதி சொல்ல வந்தது என்னவென்று ரூபாவுக்குத் தெரியும். அதைச் சொல்ல விடக் கூடாது என்றுதான் அவள் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். வந்து செருப்பைக் கழற்றவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை.

சீசன் வந்தால் பங்காருபாளையத்தில் காற்றே புளிக்கும். ஜூன் வெயிலில் மண்டி வாசலில் நசுங்கிய மாங்காய், வைக்கோல், டீசல் எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். ஈ மொய்க்காத முகம் கிடையாது. லோடு ஏற்றிய வண்டி நிற்கக் கூடாது, நின்றால் காய் சூடேறிப் பழுத்துவிடும். அதனால் ஸ்டார்ட் எடுக்காத வண்டியை டிரைவர்கள் தள்ளிக்கொண்டு வந்து முனிகிருஷ்ணன் கடை முன்னால் விட்டுவிட்டு, ஒரு காலைத் தரையில் அடித்துக்கொண்டே நிற்பார்கள். நைனாவின் அப்பன் காலத்தில் அவர்களுக்கு நிலம் கிடையாது. பிறத்தியார் மாந்தோப்பில் காவல் இருந்த குடும்பம். நைனா ஒரு லாரிப் பட்டறையில் அடி வாங்கி வாங்கி வயரிங் கற்றுக்கொண்டவர். அந்தக் கடை ஒன்றுதான் அவர்களுக்கு நிலம், கௌரவம் எல்லாம்.

கடையில் முக்கால்வாசி வேலை பேட்டரி கேபிள். கேபிளின் முனையில் லக்கு மாட்ட வேண்டும். ஒரு பக்கம் கம்பி நுழைகிற குழல், மறுபக்கம் போல்ட்டு நுழைகிற ஓட்டை, அவ்வளவுதான் லக்கு. அதைப் பொறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிசாக எடுத்தால் வேலை சுலபம், கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் சூடு ஏறும். சிறிசாக எடுத்தால் கம்பி இழைகளில் கொஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டு நுழைக்கத் தோன்றும். இன்னொன்று, வெள்ளையாக மின்னுவதெல்லாம் ஒன்றல்ல. ஈயம் பூசின செம்பும் வெள்ளை, அலுமினியமும் வெள்ளை. கையில் தூக்கினால் கனம் சொல்லும். சந்தேகம் இருந்தால் கத்தி முனையால் சுரண்டிப் பார்க்க வேண்டும். செம்பு என்றால் சிவக்கும். செம்புக் கம்பிக்கு அலுமினிய லக்கு போட்டால், பேட்டரி ஆசிட் பக்கத்தில் அது பூத்து, அரித்து, லூசாகி, ஒரு நாள் நெருப்பாகும்.

நைனாவும் பிரபாகரும் உளியும் சுத்தியும் வைத்து லக்கை நசுக்கியே பழகினவர்கள். ரூபா எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துத் திருப்பதிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்ததும் கடைக்கென்று ஒரு கிரிம்பர் வாங்கி வந்தாள். நீளக் கைப்பிடி இரண்டு, பம்பு அடித்தால் அச்சு மூடிக்கொண்டு லக்கை ஆறுபட்டையாக அமுக்கும். பிரபாகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த பொம்பளைங்க வெச்சிக்கினு ஆடுங்க" என்று வீட்டில் வீசினான். பத்மாவதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டின் பின்பக்கம், முன்பு ஆடு கட்டிய தகரக் கொட்டகையில் ரூபா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் களி கிண்டி, வேர்க்கடலைத் துவையல் அரைத்து, கடைக்குச் சோறு அனுப்பிவிட்டு பத்மாவதி அங்கே உட்கார்ந்தால் வெயில் இறங்கும்வரை அதுதான் வேலை. கேபிள் முனையைச் சீவுவாள். இழையை முறுக்குவாள். டப்பாவிலிருந்து லக்கை ஒவ்வொன்றாக எடுத்து நுழைத்துப் பார்ப்பாள்.

"உள்ள போவணும், ஆனா போவ மாட்டேன்னு மொரண்டு புடிக்கணும்" என்பாள். "அதான் சரியான சைஸு. புது மருமவ மாதிரி."

ஒவ்வொரு லக்கையும் இரண்டு தடவை அமுக்குவாள். கழுத்தண்டை ஒன்று, வாயண்டை ஒன்று, நடுவில் நகத்தளவு இடைவெளி. ஒரு கடி கம்பியைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கடி கரண்ட்டைப் பிடித்துக்கொள்ள என்று அவளே ஒரு விளக்கம் வைத்திருந்தாள். அதன் மேல் பச்சை ஸ்லீவை ஏற்றி, நெருப்பு காட்டிச் சுருக்கினால் வேலை முடிந்தது. கேபிள்கள் கோணியில் கடைக்குப் போகும். பிரபாகர் ஸ்பானர் பிடித்து மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். அவன் மாட்டின கேபிள் சூடே ஆகாது என்று ரோடு முழுக்கப் பேர். பெண் கை பட்ட பேட்டரி பாதி வழியில் நிற்கும் என்று நம்புகிற டிரைவர்கள் அவர்கள். பேரும் பெருகியது, ஸ்லீவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டுவிடக் கூடாது என்று வீட்டில் சட்டமும் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை பிரபாகர் கடையிலிருந்து போன் பண்ணி, ஒரு வண்டிக்கு எந்த லக்கு என்று பத்மாவதியிடம் கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது அவளுக்குத் தெரியாது. "அது பெருசு, லொடலொடன்னு இருக்கும், நீ எடுத்தது தப்பு" என்றாள். பக்கத்தில் நின்ற டிரைவர் ஒருவன் சிரித்து, "கடைக்கு மேஸ்திரி வீட்ல கீறாங்களா" என்று கேட்டானாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் களித் தட்டை எட்டி உதைத்தான். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து அம்மிக்கல்லின் விளிம்பில் வைத்து மடக்கினான். பெரிய மேஸ்திரி, பெரிய மேஸ்திரி என்று சொல்லிச் சொல்லி மடக்கினான். பச்சை வேரை ஒடிப்பது மாதிரி சத்தம் வந்தது என்று பிறகு பத்மாவதி போனில் ரூபாவிடம் சொன்னாள். அம்மாதான் புளியும் உப்பும் காய்ச்சிக் கையில் பத்துப் போட்டாள். கிரிம்பருக்கு இரண்டு கையும் வேண்டும். அன்றைக்கு அவளால் கரண்டியைக்கூடத் தூக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வேதாச்சலத்தின் மினி லாரி கடைக்கு வந்தது. ஓட்டினவன் தமிழ்செல்வன், பத்மாவதியின் கூடப் பிறந்த தம்பி. சீசனுக்காக ராமகுப்பத்திலிருந்து வந்து மண்டியிலேயே படுத்து, மண்டியிலேயே தின்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். வண்டியை மாமன் கடையில் விட்டுவிட்டு லோடு கணக்குப் பார்க்க மண்டிக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது புதுக் கேபிள் மாட்டியிருந்தது. நாட்கள் ஓடின. ஒரு மத்தியானம் திருப்பதிக்கு லோடு கொண்டுபோகும்போது பூதலப்பட்டு தாண்டியதும் பேட்டரிப் பக்கம் புகை வந்தது. மேலே இருந்த வைக்கோல் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டி, சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி, கேபிளைப் பிடுங்கப் போனான். பேட்டரி அவன் முகத்தில் வெடித்தது.

ரூபா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனை உடனே அடையாளம் தெரியவில்லை. வலது கண் போய்விட்டது என்றார்கள். இரண்டு கையும் முழங்கைவரை கட்டு. மார்பில் ஆசிட் ஒழுகின கோடுகள். ஈ வந்து உட்காரும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். நேற்று அவனுக்கு இருந்த ஒரே கேள்வி வேறு.

"ரூபா, அந்த லக்கு எங்கக்கா அமுக்குனதா? மாமா போன் பண்ணி சொன்னாரு."

அவள் அவன் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"நாளான்னிக்கு காலையில போலீசு எழுத வராங்களாம். அக்காதான்னா, நான்தான் இன்னாமோ கைய வெச்சேன்னு சொல்லிட்டுப் பூடறேன். வேற யாராச்சும்னா சொல்லு."

பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று மட்டும் ரூபா சொன்னாள்.

பிரபாகர் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் திருப்பதிக்கு வந்தான். வண்டி எரிந்த வாரமே அலிபிரியிலிருந்து நடந்து மலையேறி, மொட்டை போட்டு, பெருமாளைக் கும்பிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு இறங்கினான். அலிபிரியில் ஆட்டோ ஏறியிருந்தால் அந்தச் சந்தனம் காய்வதற்குள் ஆஸ்பத்திரி வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஊர் பஸ் ஏறினான். தப்பு செய்யாதவன் எதற்கு அவசரமாக மொட்டை போடுகிறான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த லட்டைத்தான் அம்மா இன்றைக்கு சென்னம்மாவின் கையில் வைத்தாள்.

திட்டம் நைனாவுடையது. பிரபாகர் மாட்டினது என்றால் போலீஸ் கேஸ், கடை போய்விடும், மண்டி வண்டி ஒன்றுகூட வாசலுக்கு வராது. பத்மாவதி அமுக்கினது என்றால் அது அக்காள் கையால் தம்பிக்கு வந்த வினை. எந்த அம்மா பெற்ற மகள் மேல் புகார் கொடுப்பாள்? எந்தத் தம்பி அக்காவைக் காட்டிக் கொடுப்பான்? வேதாச்சலத்துக்கும் சென்னம்மாவுக்கும் முன்னால் அவள் வாயாலேயே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். பிரபாகர் அவளுக்கு அதைப் பாடம் சொல்லிக் கொடுத்தான், கையால். பத்மாவதியின் இடது காது வீங்கிக் கம்மல் உள்ளே புதைந்திருந்தது. முன்பு செய்து வைத்த ஸ்டாக்கில் ஒன்றைத்தான் மாட்டினேன் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதில் அவளே நம்பிவிட்டாள். காலையில் ரூபா போனில் கேட்டபோது, "ஒரு நாளு கை நடுங்கிச்சி ரூபா, அன்னிக்கி அமுக்குனதா இருக்கும்" என்றாள். தம்பியின் கண்ணைத் தானே பிடுங்கினதாக நினைத்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் கிடந்தாள்.

சாத்தின கதவுக்குப் பின்னால் ரூபா அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கி அவ கையில பத்து போட்டவ நீ. வெளிய வந்து சொல்லு."

அம்மா மருமகளின் பேச்சை எடுக்கவில்லை. ரூபாவின் உதட்டை முந்தானையால் துடைக்க வந்தாள். "ஊருகோவே" என்றாள், வாயை மூடு என்று சொல்லவும் தெலுங்குக்குப் போனாள். "அவன் ஆம்பள. கடைய பாத்துக்கிறவன். இவளுக்கு இன்னா, நாலு நாளு பேசுவாங்க, அப்பால மறந்துடுவாங்க."

"தமிழு மறந்துடுவானா?"

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். வெளியே பத்மாவதியின் குரல் ஆரம்பித்தது. "நான்... எங்க தம்பி வண்டிக்கு..."

ரூபா பின்கதவு வழியாகக் கொட்டகைக்கு ஓடினாள். கோணியில் பத்மாவதி முடித்து வைத்திருந்த கேபிள்களில் ஒன்றை உருவினாள். கம்பி சீவுகிற கத்தியை எடுத்தாள். சந்து வழியாகச் சுற்றி வாசலுக்கு வந்து, யாரும் எழுந்திருப்பதற்குள் வெங்காயக் கோணியின் மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிரபாகர் விலாவில் உதைத்தான். எரிந்த கேபிளை வயிற்றுக்கடியில் போட்டுக் கவிழ்ந்துகொண்டாள். அவன் முதுகில் மிதித்தான், பிடரியில் குத்தினான். கத்தி ஸ்லீவுக்குள் இறங்கியது. சுருங்கிப் பிடித்திருந்த பச்சை அவ்வளவு சீக்கிரம் கிழியவில்லை. அவள் விரலும் சேர்ந்து அறுந்தது. ரத்தத்தோடு தோலை உரிப்பதுபோல உரித்தாள். நிமிர்ந்து வேதாச்சலத்தின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

லக்கின் நடுவில் ஒரே ஒரு பள்ளம். உளி இறங்கின வாய். பக்கத்தில் சுத்தி பட்டுச் சப்பின தழும்புகள். குழல் பெரிசு என்பதால் கம்பியை மடித்து மடித்துத் திணித்திருந்தான். கரண்ட் ஆபீஸ் வேலைக்கு என்று எவனோ கடையில் விட்டுப்போன டப்பாவிலிருந்து எடுத்த லக்கு.

கத்தி முனையால் சுரண்டினாள். வெள்ளை. இன்னும் ஆழமாகச் சுரண்டினாள். வெள்ளை.

பிறகு கொட்டகையிலிருந்து எடுத்து வந்த கேபிளின் ஸ்லீவைக் கிழித்துப் பக்கத்தில் வைத்தாள். ஆறுபட்டையாக இரண்டு கடி, நடுவில் நகத்தளவு இடைவெளி. சுரண்டினாள். சிவந்தது.

வேதாச்சலம் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒங்க பச்சைதானேய்யா" என்றார். "இன்னாத்துக்கு ரெண்டு மாதிரி கீது?"

"இவதான்" என்றான் பிரபாகர். "மெஷினு கெட்டுப் பூடுச்சின்னு உளியில அடிச்சிருப்பா. இவகிட்டயே கேளுங்க."

எல்லாரும் பத்மாவதியைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். குனிந்து, வீங்கின கையால் எரிந்த கேபிளைத் தொட்டு, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அது என் கடி இல்ல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிரபாகர் கீழே கிடந்த நல்ல கேபிளைச் சுழற்றி அவளை அடித்தான். லக்கு முனை அவள் தாடையில் பட்டுத் தோல் பிளந்தது. இரண்டாவது அடி கழுத்தில். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது சென்னம்மா குறுக்கே வந்தாள். மல்பெரித் தோட்டத்தில் காலமெல்லாம் கிளை ஒடித்து ஒடித்துக் காய்ந்த கை. மருமகனின் தலைமுடியைப் பிடிக்கப் போனாள், பிடிக்க முடி இல்லை. காதைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையிலிருந்த லட்டை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். கண்ணிலும் மூக்கிலும் அப்பினாள்.

"துன்னு. துன்னுடா. எம்புள்ள கண்ண துன்னுட்டல்ல, இத்தயும் துன்னு."

காதின் அடி கிழிந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. விடவில்லை. நைனா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். பிரபாகர் முழங்காலால் அவள் வயிற்றில் இடித்த பிறகுதான் விட்டாள். வாசல் முழுக்க லட்டுத் தூளும் ரத்தமும். எறும்பு வருவதற்கு முன்பே ஈ வந்துவிட்டது.

"சாலு, சாலு" என்று வேதாச்சலம் எழுந்தார். போதும் என்று சொல்கிற அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. யார் அடித்தால் என்ன, எரிந்தது எரிந்துவிட்டது என்றார். சீசன் நடுவில் போலீஸ், கேஸ் என்று அலைய அவருக்கு நேரம் இல்லையாம். பையனே கை வைத்தான் என்று எழுதிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேட்டியில் பட்டிருந்த லட்டுத் தூளைத் தட்டிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். நைனா கேட்வரை கூடப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

வந்தவர் ரூபாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மகன் மேல் கோபப்படவில்லை. மருமகளின் தாடையைப் பார்க்கவில்லை. கேபிளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த வேலையின் அசிங்கம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நிமிஷம் அவர் முகம் சுருங்கியது, கெட்டுப்போன சோற்றை முகர்ந்தவர் மாதிரி. பிறகு அதை அவள் மடியில் வைத்தார்.

"நீ படிச்ச புள்ள. ஒனக்கு கை சுத்தம்" என்றார். "வேற பச்ச ஸ்லீவு ஒண்ணு எடுத்து இதும் மேல போட்டுரும்மா. சூடு காட்டினா ஒட்டிக்கும். அவரு எரிஞ்ச வண்டியிலயே திரும்ப மாட்டிட்டு வந்துடலாம்."

ரூபா மடியில் கிடந்த கேபிளைப் பார்த்தாள். இதற்குத்தான் படிக்க வைத்தாயா என்று கேட்க வாய் வந்தது. அதைக் கேட்டால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. கேட்கவில்லை.

"நைனா, வண்டி நல்லா ஓடுனப்ப அது பிரபாகர் அடிச்ச லக்கு. எரிஞ்சப்ப பத்மாவதி அடிச்ச லக்கு. அவ கைய ஒடிச்சிட்டு, அவ கை இல்லாத நேரத்துல இவன் போட்டது இது. இதுமேல நான் ஸ்லீவு போடணுமா?"

"கடம்மா. கடை போச்சின்னா நாம மறுபடியும் பிறத்தியார் தோப்புலதான் நிக்கணும்."

"நில்லு" என்றாள் ரூபா.

எழுந்தாள். விலா எலும்பு மூச்சு விடவிடாமல் குத்தியது. பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். கேபிளை இடது கையில் எடுத்தாள். அறுந்த விரலிலிருந்து ரத்தம் அதன் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

சென்னம்மா மகளின் தாடையில் தன் முந்தானையைக் கிழித்து அழுத்திக்கொண்டிருந்தாள். பத்மாவதி அந்தக் கையை விலக்கிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். கிரிம்பரை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்து ரூபாவின் காலடியில் போட்டாள்.

"இத்தயும் எடுத்துக்கினு போ. இங்க இருந்தா ஒருநாளு என் மண்டையிலதான் விழும்."

"நீயும் வா அண்ணி."

"மொதல்ல தமிழுகிட்ட சொல்லு. எங்கக்கா செஞ்சது இல்லன்னு நெனச்சிக்கினு அவன் படுக்கட்டும்" என்றாள் பத்மாவதி. பேசும்போது தாடை மறுபடியும் பிளந்தது. "நான் எங்கம்மாகூட அடுத்த பஸ்ஸுல வரேன். எடுக்க வேண்டிய துணி நாலு கீது."

பிரபாகர் தூணடியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தான். சந்தனமும் ரத்தமும் விரல் இடுக்கில் வழிந்தன. "போலீசுக்குப் போனியானா வெட்டிடுவேன்" என்றான். ஆனால் எழுந்திருக்கவில்லை. சென்னம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா வாசலை மறித்தாள். "கூடப் பொறந்தவன உள்ள தள்ளப் போறியாடி?"

"ஆமா" என்றாள் ரூபா.

அவள் அதைத் திருப்பதி பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். லக்கைப் பார்ப்பதற்கு முன்பே. ஸ்லீவுக்குள் இரண்டு கடி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளால் சொல்ல முடியாது. இருக்காது என்று தெரியும். நாளைக் காலையில் போலீஸ்காரர் தமிழ்செல்வனின் கட்டிலுக்கு வருவதற்கு முன் இந்தக் கேபிள் அங்கே இருக்க வேண்டும். அவன் ஒற்றைக் கண்ணால் இதைப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் தோளை ஒதுக்கிவிட்டு வெளியே வந்தாள். ஒரு கையில் கிரிம்பர் தொங்கியது, மறு கையில் கேபிள். பின்னால் நைனா ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரோட்டோர டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள். கிழிந்து தொங்கின பச்சையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் பை காலியாகத்தான் இருந்தது. கேபிளைப் பைக்குள் வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.